எழுத்தைத் தவமாகப் பழகுவது எப்படி? உள்குரலைத் தேடுவோருக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

எழுதச் சொன்னால் தருமபுரிக்காரர்களின் பேனா தானாகவே அதியமானிடம் போய்விடும். ஒளவை, நெல்லிக்கனி, தகடூர்க் கோட்டை என்று ஒரு பக்கம் நிரம்பிவிடும். எழுதியவரைப் பற்றி அதில் ஒரு வரிகூட இருக்காது. பள்ளிக் கட்டுரைப் போட்டியில் பழகிய கை அது. அந்தக் கைக்குக் கொஞ்ச நாள் விடுமுறை கொடுத்துவிட்டு, யாருக்கும் காட்டப்போவதில்லை என்ற உறுதியோடு தினமும் சிறிது நேரம் எழுதி, தனக்குள் என்ன ஓடுகிறது என்று கேட்டுப் பழக விரும்புகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். கண்ணை மூடி உட்கார்ந்தால் தூக்கம் வருகிறது, ஜபமாலையை உருட்டினால் வீட்டுக் கணக்குதான் ஓடுகிறது என்று சொல்கிறவர்களுக்கு இந்தப் பழக்கம் நன்றாக ஒத்துவருகிறது. கைக்கு ஒரு வேலை கிடைத்துவிடுகிறது அல்லவா!

என் கட்சியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். உள்குரல் ஓயாமல் பேசிக்கொண்டுதான் இருக்கிறது. நமக்குக் கேட்காததற்குக் காரணம், அதைவிட உரக்கப் பேசும் கூட்டம். அப்பா, மாமியார், எட்டாம் வகுப்பு வாத்தியார், கம்பெனி சூப்பர்வைசர், காலை வணக்கத்தோடு வாட்ஸ்அப்பில் வரும் பொன்மொழி என்று அத்தனை பேரும் நம் தலைக்குள் புகுந்து நம் குரலிலேயே பேசுகிறார்கள். அவர்கள் பேசுவதையெல்லாம் தாளில் எழுதித் தீர்த்தால், கடைசியில் யாருடைய பெயரையும் போட முடியாத ஒன்றிரண்டு வரிகள் மிஞ்சும். அவற்றுக்காகத்தான் இவ்வளவு பாடும்.

ஸ்ரீராமஜெயம் எழுதுவதும் இதுவும் ஒன்றா என்று பலர் கேட்கிறார்கள். ஒன்றல்ல. நாமம் எழுதும்போது மனத்தின் பேச்சை ஒரே பெயரில் கட்டிப்போடுகிறோம். இங்கே அதைப் பேசவிட்டுக் கேட்கிறோம். இரண்டையும் செய்வதில் தடையில்லை. அரைப் பக்கம் நாமம் எழுதி மனம் அமர்ந்த பிறகு இதைத் தொடங்குகிறவர்களும் உண்டு. நாத்திகர்கள் அந்த அரைப் பக்கத்தைத் தாண்டிவிடலாம், குறைவு ஒன்றும் வராது.

முதல் படி: நோட்டு, நேரம், இடம், மறைவு

பள்ளிக்கூடத்துக்குப் பக்கத்துக் கடையில் கிடைக்கும் கோடு போட்ட சாதாரண லாங் சைஸ் நோட்டு போதும். விலை உயர்ந்த தோல் அட்டை நோட்டு வேண்டாம். அதைத் திறந்ததும் கை அழகாக எழுதத் தொடங்கிவிடும். உரக்கடையிலும் வங்கியிலும் புத்தாண்டுக்குக் கொடுக்கும் டைரியும் வேண்டாம். அதில் தேதி அச்சிட்டிருக்கும். இரண்டு நாள் விட்டுப்போனால் வெற்றுப் பக்கங்கள் முறைத்துப் பார்க்கும், மூன்றாம் நாள் டைரியே பரணுக்குப் போய்விடும். பால் பாயிண்ட் பேனா நல்லது. கைப்பேசி கூடாது என்பதில் நான் பிடிவாதக்காரன். அடுத்த சொல்லை அதுவே எடுத்துக் கொடுக்கிறது, எழுதியதை ஒரே தட்டலில் அழிக்கவிடுகிறது. இரண்டும் இந்தப் பழக்கத்துக்கு விரோதம்.

அதிகாலையில் எழுந்து எழுதுங்கள் என்று எல்லா நூல்களும் சொல்கின்றன. இருட்டோடு எழுந்து பால் கறந்து சொசைட்டிக்கு ஊற்றப் போகிறவரிடமும், விடிவதற்குள் பூப்பறிக்கத் தோட்டத்தில் இறங்குகிறவரிடமும், ஓசூர்ச் சிப்காட்டில் இரவு ஷிப்ட் முடித்துக் கம்பெனி பஸ்ஸில் தூங்கி வழிகிறவரிடமும் இதைச் சொல்லிப் பாருங்கள்! நேரத்தைக் கடிகாரத்தோடு கட்டாமல் ஒரு வேலையோடு கட்டுங்கள். பால் ஊற்றிவிட்டு வந்தவுடன், பிள்ளைகளைப் பள்ளி வேனில் ஏற்றியவுடன், ஷிப்ட் முடிந்து குளித்தவுடன் என்று எது உங்கள் வீட்டில் தவறாமல் நடக்கிறதோ அதன் வாலில் எழுத்தை வைத்துவிடுங்கள்.

இடத்தைப் பற்றி ஒரு எச்சரிக்கை. ஆன்மிகம், எழுத்து என்றதும் ஒகேனக்கல்லுக்குக் கிளம்புகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். பரிசல்காரர் கூப்பிடுவார், எண்ணெய் தேய்த்துவிடுகிறவர் கூப்பிடுவார், மீன் வறுவல் வாசம் அவர்கள் இருவரையும்விடப் பலமாகக் கூப்பிடும். நன்றாகச் சாப்பிட்டுவிட்டு வரலாம், எழுத்து நடக்காது. ஞாயிற்றுக்கிழமை கிருஷ்ணகிரி அணைப் பூங்காவும் அப்படித்தான். கூட்டமில்லாத வார நாளில் தீர்த்தமலைப் படிக்கட்டு எப்போதாவது ஒருமுறைக்கு நல்ல இடம். நாள்தோறும் எழுதுவதற்கு வீட்டில் ஒரே மூலை போதும். ஒற்றை அறை வீடு என்றால் மொட்டை மாடி, கொல்லையில் மோட்டார் கொட்டகை, கோயில் மண்டபத் திண்ணை, ஊர் நூலகம் என்று ஏதாவது ஒன்று அமையும்.

மறைவு இவை எல்லாவற்றையும்விட முக்கியம். வீட்டில் யாராவது படித்துவிடுவார்கள் என்ற அச்சம் இருக்கும்வரை கை பொய்தான் எழுதும். கூட்டுக் குடும்பத்துப் பெண்களுக்கு இது பெரிய சிக்கல். தனித்தாளில் எழுதி அன்றைக்கே கிழித்துப்போட்டுவிடுவது ஒரு வழி. எழுதும்போதே பாதிப் பலன் கிடைத்துவிடுவதால் கிழிப்பதில் பெரிய நட்டம் இல்லை. ஆட்களின் பெயருக்குப் பதில் ஓர் எழுத்து மட்டும் போடுவது இன்னொரு வழி. பிள்ளையின் போன வருடத்துக் கணக்கு நோட்டில் மிச்சமிருக்கும் பின்பக்கங்களில் எழுதுவதைத்தான் நான் கெட்டிக்காரத்தனம் என்பேன். பழைய கணக்கு நோட்டை எந்த வீட்டிலும் யாரும் விரித்துப் பார்ப்பதில்லை.

இரண்டாம் படி: இருபது நிமிடம், நிற்காத கை

உட்கார்ந்ததும் சில நிமிடம் சும்மா இருங்கள். மூச்சைக் கவனிக்கத் தெரிந்தவர்கள் கவனிக்கலாம். தெரியாதவர்கள் வெளியே கேட்கும் சத்தங்களை ஒவ்வொன்றாகக் கேட்கலாம். பிறகு பேனாவை வைத்தால் இருபது நிமிடம் கை நிற்கக் கூடாது. அடிக்கக் கூடாது, திருத்தக் கூடாது, முந்தைய வரியைத் திரும்பிப் படிக்கக் கூடாது. எழுத ஒன்றும் தோன்றவில்லை என்றால் "எழுத ஒன்றும் தோன்றவில்லை" என்றே எழுதிக்கொண்டிருங்கள். நான்காவது முறை எழுதும்போது மனத்துக்கே சலித்துப்போய் வேறு எதையாவது எடுத்துக் கொடுக்கும். தமிழாசிரியர்கள் மன்னிக்க வேண்டும்: இங்கே ஒற்று மிகுமா மிகாதா என்று யோசிக்க வேண்டியதில்லை. வாயில் வருகிறபடியே கையிலும் வரட்டும்.

முதல் வாரம் வருவதெல்லாம் குப்பையாக இருக்கும். சிலிண்டர் தீரப் போகிறது, குழுக்கடன் தவணை வெள்ளிக்கிழமை, பக்கத்து வீட்டுக்காரர் வரப்பை ஒரு முழம் தள்ளிவிட்டார், முட்டி வலிக்கிறது. இதைக் கண்டு பலர் சோர்ந்து விட்டுவிடுகிறார்கள். ஆன்மிகம் என்று சொன்னார்களே, இங்கே கேஸ் சிலிண்டர் அல்லவா வருகிறது என்று தோன்றும். வரட்டும். மேலே கிடப்பதுதான் முதலில் வரும். ஒரு பக்கம் தாண்டி, பத்து நிமிடத்துக்குப் பிறகு, எங்கிருந்தோ ஒரு வரி விழும். எழுதியவரே ஒரு கணம் பேனாவை நிறுத்திப் பார்க்கும்படி இருக்கும். அப்போதும் நிறுத்தாதீர்கள். ஓரத்தில் ஒரு புள்ளி வைத்துவிட்டுத் தொடருங்கள்.

மூன்றாம் படி: நடுகல் வரி

இந்தப் படியை இந்த மண்ணிலிருந்தே எடுத்தேன். தருமபுரி அருங்காட்சியகத்திலும் கிருஷ்ணகிரி அருங்காட்சியகத்திலும் நடுகற்கள் இருக்கின்றன. இரண்டு மாவட்டங்களிலும் வயல்வெளிகளில், ஏரிக்கரைகளில் இன்னும் பல நிற்கின்றன. வாய்ப்புக் கிடைத்தால் ஒரு நாள் அவற்றின் முன்னால் நின்று, பக்கத்தில் எழுதி வைத்திருக்கும் வாசகத்தைப் படித்துப் பாருங்கள். பல்லவர் காலத்துக் கற்களில் வட்டெழுத்தில் செய்தி பொறித்திருப்பார்கள். இன்ன அரசனுக்கு இத்தனையாவது ஆண்டு, இன்ன ஊர்த் தொறு கொண்ட ஞான்று, மீட்டுப்பட்டான் இன்னான் கல். மாடுகளைக் கவர்ந்து போனார்கள், இவன் மீட்டான், இறந்தான். அவ்வளவுதான் செய்தி. மாவீரன் என்ற அடைமொழி கிடையாது, ஊரே கண்ணீர் வடித்தது என்ற வரி கிடையாது. கல்லில் வெட்டுகிறவனுக்கு ஒவ்வோர் எழுத்தும் உழைப்பு. நடந்ததை மட்டும் வெட்டினான். ஆயிரத்து நானூறு ஆண்டு கழித்துப் படிக்கிறவர்களுக்கும் தொண்டை அடைக்கிறது.

இருபது நிமிட எழுத்து முடிந்ததும் அந்த நாளுக்கு ஒரே ஒரு நடுகல் வரி எழுதுங்கள். எப்போது, எங்கே, என்ன நடந்தது, நான் என்ன செய்தேன் என்ற நான்கும் அதில் இருக்க வேண்டும். ஒரே நிகழ்ச்சியை இரண்டு விதமாக எழுதிக் காட்டுகிறேன்.

"உறவுகள் எல்லாம் பணத்தை மட்டுமே பார்க்கும் இந்தக் காலத்தில் மனம் மிகவும் வேதனைப்பட்டது."

"புதன் மாலை, பாலக்கோடு பஸ் நிலையத்தில், அண்ணன் ஐயாயிரம் கேட்டார். இல்லை என்றேன். இருந்தது."

முதல் வரியை யார் வேண்டுமானாலும் எழுதலாம். ஆட்டோவின் பின்புறத்தில்கூட எழுதலாம். இரண்டாவதில் "இருந்தது" என்ற ஒரு சொல்லில் ஆள் அகப்பட்டுக்கொண்டார். அவர் கஞ்சர் என்று அதற்குப் பொருளில்லை. கொடுக்காததற்கு நியாயமான காரணம் இருக்கலாம். ஆனால் அந்தக் காரணத்தை அண்ணனிடம் சொல்ல முடியாமல் பொய் சொன்னார் என்பது எழுதும்வரை அவருக்கே தெரியாது. வேதனை எங்கே இருக்கிறது என்று இப்போது தெரிந்துவிட்டது.

நடுகல் வரியில் "எப்போதும்", "எல்லோரும்", "இந்தக் காலத்தில்" என்ற மூன்றும் வரக் கூடாது. வினை உங்களுடையதாக இருக்க வேண்டும். "கோபம் வந்துவிட்டது" என்றால் யாருக்கு வந்தது, எங்கிருந்து வந்தது? "தட்டை நகர்த்திவிட்டு எழுந்துபோனேன்" என்று எழுதுங்கள். களி ஆறிப்போனதையும் சேர்த்து எழுதலாம், அது நடந்த செய்திதானே.

நேரமே இல்லாத நாளில் மற்ற எல்லாவற்றையும் விட்டுவிட்டு இந்த ஒரு வரியை மட்டும் எழுதினால் போதும். எந்தப் படியை விட்டாலும் இதை விடாதீர்கள் என்றுதான் கேட்கிறவர்களிடம் சொல்கிறேன்.

நான்காம் படி: யார் பேசுகிறார்கள்?

இரண்டு மூன்று வாரம் எழுதிய பிறகுதான் இதைத் தொடங்க வேண்டும். அதுவரை பழைய பக்கங்களைப் படிக்கவே கூடாது. இப்போது ஒரு பழைய பக்கத்தை எடுத்துக்கொண்டு, பென்சிலால் ஒவ்வொரு வரிக்கும் நேராக ஓரத்தில், அதைச் சொன்னது யார் என்று எழுதுங்கள். பயிற்சி புரிவதற்காக நானே ஒரு பக்கம் கற்பனையாக எழுதிப் பார்க்கிறேன். எழுதுகிறவர் ஓசூரில் வேலை, சொந்த ஊர் போச்சம்பள்ளிப் பக்கம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

"வேலையை விடக் கூடாது. மாதம் பிறந்தால் சம்பளம் வருகிறது. நிலத்தை வைத்துக்கொண்டு என்ன செய்வது, போர் போட்டாலும் தண்ணீர் இல்லை. மாங்காய்க்கு விலை இல்லை. அப்பா இருந்திருந்தால் செருப்பால் அடித்திருப்பார். ஊரில் மானம் போகும். மரம் ஏறி ரொம்ப நாளாகிவிட்டது."

முதல் இரண்டு வரிக்கு நேரே "மாமனார்" என்று எழுதுவார், பெண் கேட்கப் போன நாளிலிருந்து அவர் சொல்வது அது. தண்ணீர் இல்லை என்றது பக்கத்து நிலத்துக்காரர். அவருடைய போர் வற்றிவிட்டது, இவருடையதை இவர் இன்னும் போட்டே பார்க்கவில்லை. மாங்காய்க்கு விலை இல்லை என்பது யாருடைய குரலும் அல்ல, செய்தி. செய்தியை மண்டியிலும் கூழ்த் தொழிற்சாலையிலும் விசாரிக்க வேண்டும், மனத்துக்குள் விசாரித்துப் பயனில்லை. அப்பா வரிக்கு அப்பாவே உரியவர். "ஊரில் மானம் போகும்" என்ற வரியில்தான் எல்லோரும் ஏமாந்துபோகிறார்கள். ஊர் என்று எழுதினால் விட்டுவிடாதீர்கள். ஊரில் யார்? பெயரைப் பென்சிலால் எழுதுங்கள். பெரும்பாலும் மூன்று பெயருக்கு மேல் வராது. அந்த மூன்று பேரில் ஒருவர் இப்போது திருப்பூரில் இருப்பார்.

கடைசி வரி மட்டும் மிச்சம். மரம் ஏறி ரொம்ப நாளாகிவிட்டது. இதை இவருக்கு யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. இதில் யாரையும் திருப்திப்படுத்தும் எண்ணம் இல்லை, யாரோடும் வழக்கு இல்லை. அதற்காக நாளைக்கே வேலையை விட்டுவிட்டு மாந்தோப்புக்குப் போ என்று உள்குரல் கட்டளையிட்டதாக முடிவு கட்டக் கூடாது. அது அவ்வளவு பெரிய பேச்சு பேசவில்லை. நாளைய பக்கத்தை அந்த வரியிலிருந்து தொடங்க வேண்டும், அவ்வளவுதான். தொடங்கினால் மரம் வருமோ, தாத்தா வருவாரோ, சம்பளத்துக்கு வெளியே தன் உடம்பை மறந்துபோன துக்கம் வருமோ, யார் கண்டது?

பிறருடைய குரலெல்லாம் பகை என்று நினைத்துவிடக் கூடாது. மாமனார் சொன்னது சரியாகவே இருக்கலாம். சரி என்று தெரிந்து அதை எடுத்துக்கொண்டால் அது உங்களுடைய முடிவு. யார் சொன்னார் என்று தெரியாமல் அதற்குள் வாழ்ந்தால் அது அவருடைய முடிவு.

சிலருடைய நோட்டில் சாமியே பேசத் தொடங்கிவிடும். சாமியாடுவதையும் குறி கேட்பதையும் பார்த்து வளர்ந்தவர்கள் நாம், இதில் வியப்பில்லை. வந்ததை வந்தபடியே எழுதுங்கள். ஆனால் அந்தக் குரல் நிலத்தை விற்கச் சொன்னாலோ, மருந்தை நிறுத்தச் சொன்னாலோ, ஒருவரை விலக்கச் சொன்னாலோ, எதையும் செய்யாமல் ஒரு மாதம் கழித்து அந்தப் பக்கத்தை மறுபடி படியுங்கள். மருந்து விஷயத்தில் மருத்துவரைத் தவிர வேறு யார் குரலுக்கும் இடமில்லை.

ஐந்தாம் படி: நெஞ்சோடு பேச்சு

தமிழில் நெஞ்சை எதிரில் உட்காரவைத்துப் பேசுவது பழைய வழக்கம். குறளின் 125ஆம் அதிகாரத்துக்குப் பெயரே நெஞ்சொடு கிளத்தல். ஆழ்வார்களும் நாயன்மார்களும் நெஞ்சே, மனமே என்று கூப்பிட்டுக் கெஞ்சியிருக்கிறார்கள், திட்டியும் இருக்கிறார்கள். கேள்வியும் எழுத்தும் சேர்ந்தால் என்ன நடக்கும் என்பதற்குப் பக்கத்துத் திருவண்ணாமலையிலேயே சான்று உண்டு. 1902 வாக்கில் சிவப்பிரகாசம் பிள்ளை என்ற வருவாய்த் துறை ஊழியர், மௌனத்தில் இருந்த இளம் ரமணரிடம் கேள்விகள் கேட்டார். ரமணர் வாய் திறக்காமல் எழுதிக் காட்டியே பதில் சொன்னார். "நான் யார்?" என்ற சிறு நூல் அதிலிருந்து பிறந்தது.

நீங்கள் முதல் நாளே நான் யார் என்று கேட்டுத் தொலைக்காதீர்கள். பதிலுக்கு எங்கேயோ படித்த வேதாந்தம்தான் வரும். சின்னதாகக் கேளுங்கள். "சித்தியைப் பார்க்கப் போவதை ஏன் தள்ளிப்போடுகிறேன்?" "அந்த ஆள் சிரித்தால் எனக்கு ஏன் எரிகிறது?" நோட்டை விரித்து இடப்பக்கம் கேள்வி, வலப்பக்கம் பதில். பதில் பக்கத்தில் பேனா தயங்கினால் கேள்வியை இன்னும் சின்னதாக்குங்கள். "சித்தி வீட்டுக்கு எந்த பஸ்?" என்ற அளவுக்கு இறங்கினால்கூடப் பரவாயில்லை. பஸ் நம்பரை எழுதும்போது, போன முறை அதே பஸ்ஸில் அழுதுகொண்டே திரும்பியது ஞாபகம் வரும்.

பதில் உங்களை எப்படிக் கூப்பிடுகிறது என்று கவனியுங்கள். பாட்டி கூப்பிட்ட வீட்டுப் பெயரில் கூப்பிட்டால், "போடா", "வாடி" என்று உரிமையோடு பேசினால், அநேகமாக உள்ளே இருந்து வருகிறது. "நீங்கள் உங்கள் வாழ்க்கையில் வெற்றி பெற" என்று தொடங்கினால் அது யூடியூப் பேச்சாளர். வணக்கம் சொல்லி அனுப்பிவிடலாம்.

இடையில் ஒரு சொல்: எந்த மொழியில் எழுதுவது?

ஓசூர், தேன்கனிக்கோட்டை, வேப்பனப்பள்ளிப் பக்கம் வீட்டில் தெலுங்கோ கன்னடமோ பேசி, பள்ளியில் தமிழ் படித்து, வேலையில் ஆங்கிலத்தில் கையெழுத்துப் போடுகிறவர்கள் ஏராளம். கிருஷ்ணகிரி நகரத்தில் உருது பேசும் வீடுகளும் அப்படியே. அவர்கள் தமிழில் மட்டும் எழுதினால் பள்ளிக்கூடத்துக் குரல்தான் வரும். கோபத்தில் எந்த மொழியில் திட்டுகிறீர்களோ, ஜுரத்தில் எந்த மொழியில் முனகுகிறீர்களோ, அதில் எழுதுங்கள். அந்த எழுத்து தெரியாவிட்டால் தமிழ் எழுத்திலேயே தெலுங்கை எழுதுங்கள், கன்னடத்தை எழுதுங்கள். உச்சரிப்புச் சரியாக வராது, வந்து என்ன ஆகப்போகிறது? ஒரு வரி அம்மாவின் மொழியிலும் அடுத்த வரி தமிழிலும் மாறி மாறி வந்தால், மொழி மாறுகிற இடத்தில் ஒரு புள்ளி வையுங்கள். அங்கே ஏன் மாறியது என்பதை வைத்தே ஒரு நாள் எழுதலாம்.

ஆறாம் படி: பாரமான பக்கங்கள்

என்றைக்காவது ஒரு நாள் பழைய அடி ஒன்று மேலே வரும். 1986இல் அமெரிக்க உளவியலாளர் ஜேம்ஸ் பென்னிபேக்கரும் சாண்ட்ரா பீலும் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். கல்லூரி மாணவர்களைத் தொடர்ந்து நான்கு நாட்கள், நாளுக்கு 15 நிமிடம், தங்கள் வாழ்க்கையில் மனத்தை உலுக்கிய நிகழ்ச்சிகளைப் பற்றி எழுதச் சொன்ன ஆய்வு அது. நடந்ததையும் அதைப் பற்றிய உணர்வையும் சேர்த்து எழுதியவர்கள் பின்வந்த மாதங்களில் கல்லூரி மருத்துவ மையத்துக்குப் போனது குறைந்தது. ஆனால் எழுதி முடித்த உடனே அவர்களுக்கு மனம் முன்பைவிடக் கனமாகத்தான் இருந்தது. இந்த இரண்டாவது செய்தியை யாரும் சொல்வதில்லை. எழுதியதும் லேசாகிவிடும் என்று எதிர்பார்த்து, கனத்துப்போனதும் பயந்து விட்டுவிடுகிறார்கள்.

அதனால் பாரமான பக்கம் எழுதிய அன்றைக்குத் தனியாக உட்கார்ந்திருக்காதீர்கள். கைகால் அசையும் வேலை ஒன்றைச் செய்யுங்கள், கீரை ஆயுங்கள், மாட்டைக் குளிப்பாட்டுங்கள், யாருடனாவது சாப்பிடுங்கள். சாவு நடந்த வீட்டில், அது நடந்து சில வாரங்களுக்குள் இப்படி எழுத யாரையும் நான் தூண்ட மாட்டேன். எழுத எழுதத் தூக்கம் கெட்டால், அதே காட்சி சுற்றிச் சுற்றி வந்தால், உயிரை விட்டுவிடலாம் என்ற எண்ணம் ஒரு வரியிலாவது தலைகாட்டினால், நோட்டை மூடிவிட்டு ஆளிடம் பேசுங்கள். அரசின் டெலி மானஸ் மனநல உதவி எண் 14416. கட்டணம் இல்லை, எந்நேரமும் அழைக்கலாம், தமிழில் பேசலாம்.

ஏழாம் படி: அந்தக் குரல்தானா என்று அறிவது

ஓசூருக்குப் பக்கத்தில் தொரப்பள்ளியில் பிறந்த ராஜாஜி, ஒத்துழையாமைப் போராட்டத்தில் கைதாகி 1921 டிசம்பரிலிருந்து மூன்று மாதம் வேலூர்ச் சிறையில் இருந்தபோது நாட்குறிப்பு எழுதினார். சுயராஜ்யம் வந்த உடனே நல்ல ஆட்சியோ மக்களுக்கு மகிழ்ச்சியோ வந்துவிடாது, தேர்தலும் அதன் ஊழலும் பணத்தின் கொடுமையும் வாட்டும் என்று அதில் எழுதியிருக்கிறார். எந்தச் சுதந்திரத்துக்காகச் சிறைக்குப் போனாரோ அதைப் பற்றியே இப்படி எழுதுகிறார். மேடையில் இதைச் சொன்னால் சொந்தக் கட்சிக்காரர்களே முகம் சுளித்திருப்பார்கள். அப்படி எழுதியதால் போராட்டத்தை விட்டுவிடவும் இல்லை. அவருடைய அரசியலில் எனக்கு உடன்பாடில்லாத பக்கங்கள் நிறைய உண்டு. ஆனால் உள்குரலுக்கு எடுத்துக்காட்டு கேட்கிறவர்களிடம் இந்தக் குறிப்பைத்தான் சொல்வேன். நம் பக்கத்து ஆட்களுக்குப் பிடிக்காததை, நமக்கே வசதியில்லாததை, கத்தாமல் சொல்கிறது.

நான் கவனித்த வேறு சில அடையாளங்களும் உண்டு. அந்தக் குரல் மிரட்டுவதில்லை. "இப்போதே செய்யாவிட்டால்" என்று எழுதினால் அது அச்சம். உங்களைப் புகழ்வதுமில்லை, "உன் அருமை இவர்களுக்குத் தெரியவில்லை" என்ற வரி எவ்வளவு இனித்தாலும் அது அகந்தையின் கையெழுத்து. பெரும்பாலும் சின்ன வரியாக, ஒரு பொருளையோ இடத்தையோ ஆளையோ தொட்டுக்கொண்டு வரும். வேறு வேறு நாளில், வேறு வேறு பேச்சுக்கு நடுவில், ஏறக்குறைய அதே சொற்களில் திரும்ப வரும். ஓரத்தில் புள்ளி வைக்கச் சொன்னது இதற்காகத்தான். மாதக் கடைசியில் புள்ளிகளை மட்டும் படித்தால் எது திரும்பத் திரும்ப வந்திருக்கிறது என்று தெரியும்.

அதுவும் தவறலாம். உள்ளே இருந்து வந்தது என்பதாலேயே ஒன்று சரியாகிவிடாது. ஆகவே கேட்டதைச் சின்னதாகச் செய்து பாருங்கள். அண்ணனிடம் போய், "அன்றைக்குப் பணம் இருந்தது அண்ணா, பிள்ளையின் பீஸுக்கு வைத்திருந்தேன், சொல்லக் கூச்சமாக இருந்தது" என்று சொல்லிப் பாருங்கள். மாந்தோப்புக்காரர் ஒரு சனிக்கிழமை போய் மரம் ஏறிப் பார்க்கட்டும். செய்து பார்த்த பிறகு அதையும் ஒரு நடுகல் வரியாக எழுதுங்கள். எழுதுவதோடு நிறுத்திக்கொள்கிறவர்களுக்கு எழுத்தே ஒரு போதையாகிவிடுகிறது. நோட்டு நிரம்பிக்கொண்டே போகும், அண்ணனோடு பேச்சு மட்டும் இருக்காது.

சில்லறைச் சந்தேகங்கள்

நாள் விட்டுப்போனால்? விட்டுப்போனதைப் பற்றி எழுதாமல், அன்றைய தேதியில் தொடங்குங்கள். மன்னிப்புக் கேட்க எதிரில் யாரும் இல்லை.

நல்ல வரி விழுந்தால் ஸ்டேட்டஸில் போடலாமா? கூடாது. ஒருமுறை போட்டால் மறுநாளிலிருந்து கை ஸ்டேட்டஸுக்காகவே எழுதும். கவிதையாகவோ கதையாகவோ ஆக்கும் ஆசை வந்தால் அதற்குத் தனி நோட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

சேர்ந்து எழுதலாமா? மூன்று நான்கு பேர் ஒரே திண்ணையில் உட்கார்ந்து பேசாமல் எழுதலாம். தனியாக உட்கார முடியாதவர்களுக்கு அது பெரிய உதவி. எழுதியதைப் படித்துக் காட்டும் வழக்கத்தை மட்டும் கொண்டுவராதீர்கள். இரண்டாம் வாரமே அது கவியரங்கமாகிவிடும்.

நிரம்பிய நோட்டுகளை என்ன செய்வது? ஆறு மாதம் வைத்திருந்து, புள்ளி வைத்த வரிகளை மட்டும் வேறொரு நோட்டில் எடுத்தெழுதிக்கொண்டு, மற்றதைப் போகியில் போட்டுவிடலாம் என்பது என் கருத்து. வைத்துக்கொள்ள விரும்புகிறவர்கள் பூட்டுள்ள பெட்டியில் வைத்து, தனக்குப் பின் அதை யார் திறக்கலாம், யார் திறக்கக் கூடாது என்று மேலே ஒரு சீட்டு ஒட்டிவையுங்கள். எரிப்பதானால் பிளாஸ்டிக் அட்டையை முதலில் கிழித்தெடுத்துவிடுங்கள். அந்தப் புகை கண்ணுக்கும் ஆகாது, மாட்டுக்கும் ஆகாது.